கதவு திறந்திருக்க வேண்டிய கலியாணம்

கலியாண எழுத்து என்றால் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: கவுன்சில் கட்டடத்தில் ஒரு அறை, ஒரு மேசை, இரண்டு கையெழுத்து, பிறகு சாப்பாடு. ஆகவே சித்தப்பாவின் எழுத்துக்காகத் லண்டன் தோர்ண்டன் ஹீத்திலிருந்து பிரான்ஸின் மறு கோடியில், அவர் குடியிருக்கும் அல்சாஸ்வரை வான் வண்டியில் போகவேண்டும் என்றபோது, ஒன்பது வயதுக்காரியான எனக்கு அது வீண் அலைச்சலாகவே பட்டது. என்னை உற்சாகப்படுத்தியது ஒரே ஒரு விஷயம். பெண்ணின் தகப்பனாருக்கு இந்தச் சம்பந்தம் துளியும் பிடிக்கவில்லை.

“அந்த மனிசன் பாரிஸிலயிருந்து வந்து குழப்பாமல் விடாது” என்று அம்மா டோவரில் கப்பல் ஏறும்வரை சொல்லிக்கொண்டே வந்தார். வந்தால் நல்லது என்றிருந்தது எனக்கு. குழப்பம் நடக்கிற கலியாணத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

மறுநாள் காலை அந்தச் சிறிய ஊரின் நகர மண்டபத்தைப் பார்த்ததும் அலைச்சலெல்லாம் மறந்துபோயிற்று. கவுன்சில் கட்டடமா இது! சிவப்புச் சுவர் முழுக்கத் தூண்களும் மாடங்களும் சிலைகளும். ஓடிப்போய் ஒரு தூணைக் கட்டிப்பிடித்தேன். கைக்கு அகப்பட்டது தட்டைச் சுவர். அத்தனையும் சித்திரம்!

“நானும் வந்த புதுசில ஏமாந்தனான்” என்று சித்தப்பா சிரித்தார். மாப்பிள்ளைக் கோலத்திலும் அவருக்கு ஊரைக் காட்டாமல் இருக்க ஏலவில்லை. கட்டி நானூறு வருஷத்துக்கு மேலாம். வெளிப்புறமாகவே இரண்டு பக்கத்திலிருந்தும் ஏறி, நடுவில் சேரும் கூரை போட்ட படிக்கட்டு. அதன் உச்சியில் நின்றுதான் அந்தக் காலத்தில் ஊருக்குக் கட்டளை வாசிப்பார்களாம். ஜெர்மனிக்கும் பிரான்ஸுக்குமாக ஊர் நாலு தரம் கைமாறியும் படிக்கட்டு அசையவில்லை.

படியடிச் சுவரில் ஒரு கல் முகம் தொங்கியது. பிதுங்கின கண், வெளியே நீட்டின நாக்கு. பொய்யும் கோளும் சொல்கிறவர்களின் கழுத்தில் அதைக் கட்டி, கழுதையில் பின்பக்கம் பார்க்க இருத்தி ஊர்வலம் விடுவார்களாம். எங்கள் சொந்தத்தில் யார் யாருக்கு அதைக் கட்டலாம் என்று எண்ணிப் பார்த்தேன். ஒரு கல் போதாது.

மேலே மண்டபத்துக்குள் மர விதானம், வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள், நெஞ்சுக்குக் குறுக்கே மூவர்ணப் பட்டி கட்டிய மேயர். அவர் வாய் திறக்குமுன் அம்மா எழுந்துபோய்க் கதவை இறுகச் சாத்தினார். மேயர் கையை உயர்த்தி ஏதோ சொல்ல, சித்தப்பா சங்கடத்துடன் மொழிபெயர்த்தார்.

“கதவு திறந்திருக்க வேணுமாம் அண்ணி. ஆருக்கும் மறுப்பு இருந்தால் வந்து சொல்லலாமாம். சாத்தினால் கலியாணம் செல்லாதாம்.”

அம்மா அரைமனதோடு கதவைத் திறந்துவிட்டார். எனக்கோ ஒரு யோசனை வந்தது. கதவைத்தானே சாத்தக்கூடாது, படியை மறிக்கலாமே. நழுவிப்போய்ப் படியடியில் நின்றுகொண்டேன்.

அவர் வந்தேவிட்டார். மழைக்கோட்டு, கையில் ஒரு பொலித்தீன் பை, மூச்சு வாங்கல். புதுச் சித்தியின் மூக்கு அப்படியே அந்த முகத்தில் இருந்தது. இளைப்பாற ஒரு தூணைப் பிடிக்கப் போனார். அவர் கையும் சுவரில் வழுக்கியது.

“பிள்ளை, மேலதானே கலியாணம்? துவங்கிட்டுதோ?”

“முடிஞ்சுது” என்றேன். “எல்லாரும் போயிட்டினம்.”

கல் முகம் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவர் கொஞ்ச நேரம் படிக்கட்டின் உச்சியைப் பார்த்தார். “ஓம், ரயில் பிந்திப்போச்சு” என்று எனக்குச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, வந்த வழியே மெல்ல நடந்தார். வெற்றி! இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஓடினேன். சித்தி அடிக்கடி திரும்பி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் காவலை ஒழுங்காகச் செய்கிறேனா என்று பார்க்கிறார் என நினைத்து, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

எல்லாம் முடிந்து, படிக்கட்டில் அரிசி தூவி ஆரவாரம் நடந்தபோது அம்மாவின் காதில் என் வீரத்தைச் சொன்னேன். பாராட்டு வரவில்லை.

“கையில என்ன வைச்சிருந்தவர்?”

“ஒரு பை. மாலை. நுனி வெளியில தெரிஞ்சுது.”

“மாலையோ?”

“ஓம். ரோசாப்பூ மாலை.”

அம்மா பட்டுச்சேலையோடு அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். புதுச் செருப்பு கடித்துவிட்டதாக்கும் என்று நினைத்து, குனிந்து அம்மாவின் செருப்பைக் கழற்றிவிட்டேன்.