பதினோரு மணிக்குள் ஓடையைத் தாண்ட வேண்டும்

எங்கள் மாவட்டத்தில் மலை கிடையாது. ராமேஸ்வரத்தில் கந்தமாதன பர்வதம் என்று ஒன்று இருக்கிறது. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், அது ஒரு மணல்மேடு. ஆட்டோ மேலே வரைக்கும் போகும். மலை ஏறிப் பழக எங்களுக்கு வாய்த்தது அதுதான். நாங்கள் நான்கு பேர் முதுகில் பையைக் கட்டிக்கொண்டு அந்தப் படிகளில் பத்துத் தடவை ஏறி இறங்கியதைப் பார்த்த ஒரு வடநாட்டு அம்மாள், என்ன வேண்டுதல் என்று சைகையில் கேட்டாள். என் கணவர் சிரித்துக்கொண்டே என் முழங்காலைக் காட்டினார். அந்த அம்மாள் என் முழங்காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அவர் காட்டியதில் தப்பில்லை, முழங்கால்தான் விஷயம். நான் ராமநாதபுரத்தில் பள்ளி ஆசிரியை. இருபத்திரண்டு வருடம் நின்றபடியே பாடம் நடத்திய கால். மதுரையில் டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "மலை கிலை ஏறணும்னு ஆசை இருந்தா இந்த வருஷமே ஏறிருங்க டீச்சர். அடுத்த வருஷம் ஆபரேஷன்தான். அப்புறம் மாடிப்படி ஏறுனாலே பெரிய விஷயம்" என்றார். அவர் விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ, எனக்கு நிஜமாகவே அந்த ஆசை இருந்தது. நான் சமூக அறிவியல் டீச்சர். மேற்குத் தொடர்ச்சி மலையை வருடா வருடம் கரும்பலகையில் வரைகிறேன். ஒரு தடவையாவது அதன் உச்சியில் நிற்க வேண்டும். வேனில் போய் இறங்கி, டீ குடித்து, போட்டோ எடுத்துத் திரும்புவது கணக்கில் வராது. பையைச் சுமந்து நடந்து ஏறி நிற்க வேண்டும்.

திட்டம் போட்டது நானும், என்னோடு வேலை பார்க்கும் கணக்கு டீச்சரும். அவள் கடற்கரை ஊர்க்காரி. கணவர் சவுதியில் இருக்கிறார், பிள்ளைகள் கல்லூரி விடுதியில். நடக்கச் சொன்னால் ராமநாதபுரத்திலிருந்து மதுரை வரைக்கும் நடப்பாள். தேனிக்கு அந்தப் பக்கம் ஒரு மலையைத் தேர்ந்தெடுத்து, அனுமதி வாங்கி, வழிகாட்டி ஒருவரையும் பேசிவிட்டோம். முதல் நாள் பாதி மலையில் இருக்கும் கொட்டகை வரை ஏறித் தங்குவது, மறுநாள் உச்சிக்குப் போய்த் திரும்புவது. ஒரு ஆளுக்கு ஏழு கிலோ பை. இரண்டு செட் துணி, ஒரு போர்வை, ஒரு பாட்டில், சாப்பாட்டில் ஒரு பங்கு, அவ்வளவுதான். இதை வீட்டில் புரியவைக்க எனக்கு ஒன்றரை மாதம் ஆனது. எட்டாம் வகுப்புக்கு அட்சரேகை, தீர்க்கரேகை சொல்லிக்கொடுப்பது இதைவிடச் சுலபம்.

கணவரிடம் பட்டியலைக் கொடுத்தேன். "பாத்துட்டேன்" என்றார். புறப்படுவதற்கு முதல் நாள் அவர் பையைத் திறந்தால் அரைக் கிலோ நெத்திலிக் கருவாடு, ஒரு இரும்புச் சட்டி, ஒரு பனையோலை விசிறி.

"மலையில குளிருங்க. விசிறி எதுக்கு?"

"அடுப்புக்கு விசிற வேணாமா?"

அவரோடு இருபது வருடம் குடும்பம் நடத்தியவள் என்பதால் விசிறியோடும் கருவாட்டோடும் மல்லுக்கட்டவில்லை. சட்டியை மட்டும் பையிலிருந்து வெளியே எடுத்துவிட்டேன்.

நான்காவது ஆள் என் அக்கா. அவளை யாரும் கூப்பிடவில்லை. முதுகுளத்தூருக்குப் பக்கத்தில் மிளகாய் விவசாயம். ஐம்பத்து மூன்று வயது. விஷயத்தைக் கேள்விப்பட்டதும் பஸ் ஏறி வந்துவிட்டாள். "நீ பாட்டுக்குக் காட்டுக்குப் போற. ஒனக்குச் சோறு யாரு போடுவா?" என்றாள். நாற்பத்தாறு வயதில் எனக்கு நானே சோறு போட்டுக்கொள்ள முடியும் என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. வரும்போதே மிளகாய் நிறுக்கிற தொங்கு தராசையும் கொண்டுவந்திருந்தாள், பைகளை நிறுக்க உதவும் என்று. அந்த ஒரு காரியத்துக்காக மட்டும் அவளை மெச்சினேன். அவள் பையையே முதலில் மாட்டினேன். பதினாறு கிலோ.

உள்ளே பத்து லிட்டர் கேன் நிறையத் தண்ணீர்.

"அக்கா, அந்த மலையில அஞ்சு ஓடை இருக்கு."

"யாரு சொன்னா?"

"மேப்புல போட்டிருக்கு."

"மேப்புல வைகைகூடத்தான் நம்மூரு வரைக்கும் வருது" என்றாள்.

எங்கள் ஊர்ப்பக்கம் ஓடை இருக்கிறது என்று சொன்னால், அதில் தண்ணீர் இருக்கிறது என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. கல்யாணத்துக்குப் போனாலும் சாவுக்குப் போனாலும் கையில் தண்ணீரோடுதான் போவோம். குடம் வைத்து இழுக்கிற தள்ளுவண்டி வாசலில் நிற்காத வீடு அக்காவின் ஊரில் கிடையாது. அவளிடம் போய்த் தண்ணீரைக் கீழே ஊற்று என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. கேன் வந்தது.

மலையடிவாரத்தில் வழிகாட்டி எங்களைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. அந்த ஊர்க்காரர், ஒல்லியான ஆள், கையில் ஒரு கம்பு மட்டும். கேனைப் பார்த்துவிட்டு, "மேல குடிக்கிற தண்ணி நல்லாவே கெடைக்கும் ஆத்தா" என்றார். அக்கா, "கெடைக்கட்டும்யா, நல்லது" என்று சொல்லிவிட்டுக் கேனைத் தலையில் வைத்துக்கொண்டாள். முதல் ஓடை வந்தது. கணுக்கால் அளவு தண்ணீர் சலசலவென்று ஓடியது. கேனோடு தாண்டினாள். இரண்டாவது ஓடையையும் அப்படியே தாண்டினாள். ஒவ்வொரு ஓடையிலும் ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்து, "இனிப்பாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, சொந்தத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். கணக்கு டீச்சர் சிரிப்பை அடக்க முடியாமல் மரத்தைப் பிடித்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் ஆணி இறங்கியது. நான் போட்ட நேரப்படி இரண்டு மணிக்குக் கொட்டகையில் இருக்க வேண்டும். ஐந்தரைக்குப் போய்ச் சேர்ந்தோம். வழியில் அட்டைகள் வேறு. அக்கா கையோடு கொண்டுவந்த கல்லுப்பு அதற்கு மட்டும் உதவியது. கருவாட்டைத் தீயில் சுடப் போன கணவரை, கரடி வரும் என்று சொல்லி வழிகாட்டி தடுத்துவிட்டார். என் கணவர் சாப்பிடும்வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே இருந்தார்.

இவ்வளவு சலித்துக்கொண்டாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அன்று சாயங்காலம் மேகம் எங்கள் காலடிக்குக் கீழே நின்றது. கணக்கு டீச்சர் ஒரு பாறைமேல் துணியை விரித்துத் தொழுதுவிட்டு வந்து, "நாளைக்கு இந்நேரம் நீங்க மேல நின்னுட்டு வந்திருப்பீங்க டீச்சர், இன்ஷா அல்லாஹ்" என்றாள். நன்றாக இருந்தது. சந்தோஷமாக இருந்தேன்.

மறுநாள் காலை வழிகாட்டி ஒன்றைத் தெளிவாகச் சொன்னார். "கடைசி ஓடைய பதினோரு மணிக்குள்ள தாண்டிரணும். அங்கிருந்து ரெண்டு மணி நேர ஏத்தம். மத்தியானத்துக்கு மேல பனி எறங்கிரும், வழி தெரியாது. தாண்டலைன்னா திரும்பிற வேண்டியதுதான், கோவிச்சுக்கிறக் கூடாது." நான் கையிலிருந்த கடிகாரத்தைக் காட்டித் தலையாட்டினேன்.

கடைசி ஓடைக்கு ஒன்பது மணிக்கே வந்துவிட்டோம். முதல் தடவையாக என் பட்டியல் சொன்னபடி ஒரு காரியம் நடந்தது. கொண்டுவந்த சப்பாத்தியைச் சாப்பிட்டோம். அது ஓடை என்று பெயர், எனக்கு ஆறாகத்தான் தெரிந்தது. பாறைகளுக்கு நடுவே இடுப்பளவு தேங்கி, கீழே இருக்கும் கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரிய ஓடிக்கொண்டிருந்தது. அக்கா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இம்புட்டுத் தண்ணியும் சும்மா போகுதேடி" என்றாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். எங்கள் எல்லோருடைய பைகளையும் திறந்து, முதல் நாள் அட்டை கடித்து ரத்தம் பட்ட துணிகளை எடுத்துப் பாறையில் அடித்துத் துவைக்க ஆரம்பித்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அக்கா, இது மலை. வண்ணாந்துறை இல்ல" என்று கத்தினேன்.

"அர மணி நேரத்துல முடிச்சுருவேன்" என்றாள்.

மேலே புதிதாக யானைச் சாணம் கிடப்பதாகச் சொல்லி, வழிகாட்டி பாதையைப் பார்க்கக் கிளம்பினார். கணக்கு டீச்சரும் கூடப் போனாள். "கூப்பிடு தூரத்துல வளைவு இருக்கு, அங்க நிக்கிறோம். யானை இல்லைன்னு பாத்துட்டுக் குரல் குடுப்பேன், வந்துருங்க" என்றார். கணவர் ஒரு பாறையில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டார்.

அடுத்து நடந்ததை நான் இதுவரை யாரிடமும் சரியாகச் சொன்னதில்லை. கேட்டவர்களிடமெல்லாம், அக்கா துணி துவைத்து நேரத்தைக் கெடுத்துவிட்டாள் என்றுதான் சொல்லியிருக்கிறேன். அக்கா சொன்னபடியே அரை மணி நேரத்தில் துவைத்து முடித்துவிட்டாள். துணிகளைப் பாறையில் காயப்போட்டுவிட்டு, பையைக் கட்டிக்கொண்டு கரையில் தயாராக உட்கார்ந்துவிட்டாள்.

தண்ணீரில் இருந்தது நான்.

கால் நனைக்கலாம் என்றுதான் இறங்கினேன். கடிகாரத்தைக் கழற்றிக் கரையில் வைத்தேன். முழங்கால் முங்கியது. கொஞ்ச நேரத்தில் வலி இல்லை. குறைந்தது என்று சொல்லவில்லை, இல்லவே இல்லை. இடுப்பளவு தண்ணீரில் ஒரு பாறையில் சாய்ந்து உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் ஒருவருக்கு ஒரு வாளி. அதிலும் பாதி உப்பு. தலை குளித்தால் முடி கயிறாகிவிடும். இங்கே தண்ணீர் என்னை இடித்துக்கொண்டு போய்க்கொண்டே இருந்தது, தீரவில்லை. மேலேயிருந்து வழிகாட்டியின் குரல் கேட்டது. "ஏடி, கூப்பிடுறாக. வா" என்றாள் அக்கா. அஞ்சு நிமிஷம் என்றேன். மறுபடி குரல் வந்தது. "வாடி, மணியாகுது" என்றாள். அஞ்சு நிமிஷம் என்றேன். அக்கா மூன்றாவது தடவை கூப்பிட்டபோது நான் கண்ணை மூடியிருந்தேன். பதில் சொன்னேனா என்பதுகூட ஞாபகம் இல்லை.

வழிகாட்டியும் கணக்கு டீச்சரும் இறங்கி வந்தபோது பதினொன்றே கால் தாண்டிவிட்டது. நான் அவசர அவசரமாகக் கரையேறிக்கொண்டிருந்தேன். "என்ன டீச்சர் ஆச்சு?" என்று அவள் கேட்டாள். நான் பாறையில் காயும் துணிகளைக் காட்டினேன்.

"இந்தா பாரு. எங்க அக்காகிட்டக் கேளு" என்றேன்.

யாரும் அதைச் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை. வாயிலிருந்து தானாக வந்தது. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு வழிகாட்டியிடம், "எம்மேலதான்யா தப்பு. தண்ணியப் பாத்ததும் கையி நிக்கல" என்றாள். இப்பப் போகலாமா என்று நான் கெஞ்சினேன், அழவும் செய்தேன். அவர் மேலே கையைக் காட்டினார். உச்சி தெரியவில்லை, வெள்ளையாக இருந்தது. நாங்கள் திரும்பினோம். இறங்குகிற வழி முழுக்க அக்காவைத் திட்டிக்கொண்டே வந்தேன். திட்டத் திட்ட எனக்கே அது நிஜமாகிவிட்டது. கணவரும் சேர்ந்துகொண்டார், அவருக்குக் கருவாட்டுக் கோபம். அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

அடுத்த வருடம் ஆபரேஷன் நடந்தது. இப்போது பள்ளியில் நாற்காலி போட்டுத்தான் பாடம் நடத்துகிறேன். டாக்டர் மலை என்ற பேச்சையே எடுக்கவில்லை.

போன ஆவணியில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் நானும் அக்காவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். எதிரே எங்கள் தாய்மாமா. அவருக்கு யாரையாவது ஓட்டாவிட்டால் சோறு இறங்காது. "என்ன தாயி, மலைக்குப் போயித் துணி தொவச்சுட்டு வந்தீகளாமே. நம்மூருத் தண்ணிப் பஞ்சம் அங்கன வரைக்கும் தெரிஞ்சுபோச்சா?" என்று கேட்டார். பந்தியே சிரித்தது.

"ஆமா மாமா, நாந்தான் கெடுத்தேன்" என்றாள் அக்கா. "பாவம், இவ ஆசயாக் கெளம்பி வந்தா."

இதை அவள் சொல்லிக் கேட்பது எனக்கு எத்தனையாவது தடவையோ. அன்றைக்குத் தாங்க முடியவில்லை. "இல்ல மாமா, அது அக்கா இல்ல" என்று ஆரம்பித்தேன். அவள் இலைக்குக் கீழே என் தொடையை அழுத்தினாள். "பேசாமச் சாப்பிடு" என்றாள். மாமா அதற்குள் அடுத்த ஆளை ஓட்டப் போய்விட்டார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. அவள்மேலும் வந்தது, அதைவிட என்மேல். "ஏன்க்கா இப்படிப் பண்ணுற? தண்ணிக்குள்ள கெடந்தது நான்னு ஒனக்குத் தெரியாதா? அன்னைக்கே என்னைய நாலு அற விட்டு எழுப்பிருக்கலாம்ல?" என்றேன், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில்.

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "ரெண்டு நாளும் நீ பல்லக் கடிச்சுக்கிட்டேதாண்டி நடந்த. அந்தத் தண்ணிக்குள்ளதான் சிரிச்ச. நாலாவது தடவை கூப்பிட எனக்கு மனசு வரல."