செல்வி சுகந்திக்கு மீசை உண்டு

இசைக்குழுவில் பெண் குரலில் பாடும் ஆண்பிள்ளைக்குக் கைத்தட்டல் கிடைக்கும், மாலையும் கிடைக்கும். மேடையை விட்டு இறங்கியதும் கேலிதான் கிடைக்கும். இதே பிழைப்பில் இருந்த அன்பர்கள் யாராவது இதைப் படித்தால், ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மேலே படியுங்கள்.

எண்பதுகளில் மலேசியாவின் கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் வயசுப் பெண்ணை இசைக்குழுவோடு லோரியில் ஏற்றி அனுப்ப எந்த வீட்டிலும் சம்மதிக்க மாட்டார்கள். டூயட் இல்லாத கச்சேரியை யாரும் கூப்பிட மாட்டார்கள். ஆகவே செம்பனை எண்ணெய் மில்லில் வேலை பார்த்துக்கொண்டிருந்த என் தொண்டைக்கு அந்தப் பொறுப்பு வந்து சேர்ந்தது. குழுத் தலைவர் மாணிக்கம் அண்ணன் நோட்டீசில் என் பெயரை ‘செல்வி சுகந்தி’ என்று அடித்துவிட்டார். சேகர் என்று போட்டால் எவன் வருவான் என்பது அவர் கட்சி.

தார்ப்பாய்க்குப் பின்னால்

முதல் கச்சேரி, பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஒரு தோட்டத்துக் கோயில் திருவிழாவில். மீசையை எடுத்துவிடு என்று அண்ணன் கெஞ்சினார். அந்த வயதில் எனக்கென்று இருந்த ஒரே சொத்து அது, முடியாது என்றுவிட்டேன்.

கட்டம் போட்ட சட்டையில் நின்றுகொண்டு சுகந்தியாகப் பாட ஆரம்பித்தேன். கூட்டத்தில் பாதி எழுந்து மேடைக்குப் பின்பக்கம் போனது. தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார், ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். பாட்டு முடிந்ததும் என் காதோரம் வந்து அன்பாகச் சொன்னார்: “தம்பி, நீ வாயசைச்சது போதும்லா. அந்தப் பொண்ணக் கொஞ்சம் முன்னால வரச் சொல்லு.”

ஐஸ் போட்ட சிராப்

சுங்கை ஆயர் தாவாரில் ஒரு கல்யாணம். உபசரிப்புக்குக் குறைவில்லாத வீடு. வெயிலுக்கு இதமாக ஐஸ் போட்ட சிராப்பைக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள், நானும் வெட்கமில்லாமல் குடித்துக்கொண்டே இருந்தேன்.

சரணத்தில் மேலே ஏறும்போது சுகந்தி என்னைக் கைவிட்டாள். பாதி வரி வரை பெண். மீதி வரி முழுக்க மில்லில் வேலை பார்க்கும் சேகர். மாப்பிள்ளையின் சித்தப்பா நேராக மேடைக்கு வந்து அண்ணனைப் பிடித்துக்கொண்டார்: “அந்தப் பொண்ணுக்கு ஒடம்பு சரியில்லன்னா சொல்லித் தொலைக்கலாமேய்யா. அதுக்காக ஒரு ஆம்பளயவா பாட விடுறது?”

பஸ் வரும்வரை ஒரு பாட்டு

ரவாங்கில் ஒரு கல்யாணக் கச்சேரியில்தான் புஷ்பாவைப் பார்த்தேன். சுங்கை சோவில் வீடு, எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் வேலை. நான் பாடும்போது தார்ப்பாய்ப் பக்கம் திரும்பாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த முதல் ஆள் அவள்தான். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமையானால் எனக்கு ரவாங் பஸ் ஸ்டாண்டில் ஏதாவது வேலை இருக்கும். வாங்கிய கைத்தட்டல்களைப் பற்றி நான் அளப்பேன், அவள் கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒரு நாள், “ஒங்க சொந்தக் குரல்ல ஒரு பாட்டுப் பாடுங்களேன்” என்றாள். புகழெல்லாம் சுகந்தியுடையது. அவளை எடுத்துவிட்டால் மீதி இருப்பது எண்ணெய் வாடை அடிக்கும் ஒரு சாதாரண ஆள். அவனை இந்தப் பெண் எதற்காக விரும்ப வேண்டும்? பயந்துகொண்டேதான் பாடினேன். பக்கத்தில் நின்ற பஸ் கண்டக்டர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. புஷ்பா கையிலிருந்த கறிபாப்பை நிதானமாகத் தின்று முடித்துவிட்டுச் சொன்னாள்: “சுமாராத்தான் இருக்கு. பரவால்ல, வீட்டுக்கு இது போதும்லா.”

பெண் பார்க்க வந்தவர்

புஷ்பாவின் அப்பா லோரி டிரைவர். எங்களைக் கண்ணால் பார்த்தவர் இல்லை. ஆனால் யாரோ ஒரு கல்யாணத்தில் பதிவு செய்த எங்கள் கேசட் அவர் லோரியில் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. இவ்வளவு பதவிசாகப் பாடுகிற பெண் குடும்பத்துக்கும் ஆவாள் என்று முடிவு கட்டிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வெற்றிலை, பாக்கு, பழத்தட்டோடு கோலசிலாங்கூரில் மாணிக்கம் அண்ணன் வீட்டில் வந்து உட்கார்ந்தார். தன் மூத்த மகனுக்குச் செல்வி சுகந்தியைப் பெண் கேட்டு! துணைக்கு மகளையும் அழைத்து வந்திருந்தார்.

நாங்கள் உள்ளே ஒத்திகையில் இருந்தோம். அண்ணனுக்கு வேர்த்துக் கொட்டியது. அண்ணி மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு காப்பித் தட்டை என் கையில் திணித்து வெளியே தள்ளிவிட்டார். தலை குனிந்து காப்பியோடு போய் நின்றேன். எதிரே புஷ்பா. அவளும் தலை குனிந்திருந்தாள். தோள் மட்டும் குலுங்கியது.

“இவன்தான் சுகந்தி” என்றார் அண்ணன்.

புஷ்பாவின் அப்பா நம்பவில்லை. பாடச் சொன்னார். பாடினேன். கண்ணை மூடித் தலையாட்டினார். நடுவில் கண்ணைத் திறந்து என் மீசையைப் பார்த்தார், சட்டென்று மறுபடி மூடிக்கொண்டார். பாட்டு முடிந்ததும் அவர் முகம் தொங்கிவிட்டது. இவர் அவமானப்பட்டு எழுந்து போனால் புஷ்பாவும் கூடவே போய்விடுவாள் என்று எனக்குப் பட்டது. தட்டைக் கீழே வைத்தேன்.

“ஐயா, சுகந்தின்னு யாரும் இல்ல. எம் பேரு சேகர், மில்லுல வேலை. ஒங்க மகளக் கட்டிக்க ஆசப்படுறேன்.”

அவர் மகள் பக்கம் திரும்பினார். “ஒனக்கு எல்லாம் தெரியுமா?”

“தெரியும்ப்பா. வாயால சொன்னா நம்பியிருப்பீங்களா? அதான் நேர்ல பாக்கட்டும்னு பேசாம கூட வந்தேன்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “லோரியில நான் கேக்குறது அத்தனையும் நீயா?”

“நான்தாங்க.”

முதலில் அவர் வயிறு குலுங்கியது, பிறகு காப்பி சிந்தியது, கடைசியில் வீடே சிரித்தது. எனக்கு மட்டும் அழுகையாக வந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பழத்தட்டை அண்ணன் பக்கம் நகர்த்தினார்: “பொண்ணு எடுக்கத்தான் தட்டத் தூக்கிட்டு வந்தேன், குடுத்துட்டுப் போறேன். ஆனா எம் மூத்தவன்கிட்ட நீங்கதான் வந்து சொல்லணும்.”

பாட்டுக்காரனுக்கு ரசிகர் கிடைப்பது சுலபம், மாமனார் கிடைப்பதுதான் கஷ்டம். எனக்கு இரண்டும் ஒரே ஆளாக அமைந்துவிட்டதால், இன்றைக்கும் அவர் வீட்டு விருந்தில் பாடாமல் சோறு கிடைப்பதில்லை.