கருவாட்டுக்கு ஊஞ்சல்

இன்று காலை மீனெண்ணெய்ப் புட்டியைத் திறந்ததும் நார்வே நாட்டின் வார்டோ நகரம் நினைவில் எழுந்தது. நான் ஒருநாளும் போகாத ஊர். துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பாவுக்கு ஒரு மாலுமி தந்த வண்ணப்படங்களில்தான் அதைக் கண்டேன்: கடலை ஒட்டிய மரவீடுகள், பழைய கோட்டை, உயரமான மரச்சட்டங்களில் தோரணமாக உலரும் மீன்கள்.

இப்போது கடல் கொண்டுபோய்விட்ட ராயபுரத்து மணற்பரப்பில் கருவாடு காயவைத்துவந்த அஞ்சலையக்கா, சிறுவயதில் நான் கொண்டுபோய்க் காட்டிய அந்தக் கடைசிப் படத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. மண் ஒட்டிய கருவாட்டைச் சந்தையில் எவரும் மதிப்பதில்லை என்பது அவளுடைய தீராத ஆதங்கம். மறுநாளே மூங்கில் நட்டு, கயிறு கட்டி, வாங்கிய மீனையெல்லாம் தொங்கவிட்டாள்.

"இன்னா அஞ்சல, கருவாட்டுக்கு ஊஞ்சல் கட்டிக்கினு கீறே?" என்று குப்பமே சிரித்தது. சற்றைக்கெல்லாம் காக்கைகள் கூட்டமாக வந்து அந்த ஊஞ்சலில் அமர்ந்தன.

"அந்த ஊர்ல காக்காவே கெடையாதா பாப்பா?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே, அக்கா ஒரு பழைய வலையை எடுத்து மூங்கில்களின்மேல் போர்த்தினாள். உப்பு மணக்க, ஒரு மணல்துகளும் ஒட்டாமல் காய்ந்த அந்தக் கருவாடு, சந்தையில் முதலில் விற்றுத் தீர்ந்தது.

திரும்பி வந்தவள் கொண்டையைச் சரிசெய்துகொண்டு வலைப்பந்தலருகே நின்றாள்.

"உங்க நைனாகிட்ட சொல்லி ஒரு போட்டோ புடிச்சி அந்த ஊருக்கு அனுப்பு. வலைய எப்டி போத்தறதுன்னு அவுங்களும் பாக்கட்டும்."