கொலைகாரிக்குக் கைதட்டிய ஞாயிற்றுக்கிழமை

கொரியப் படம் என்றால் எனக்கு அந்த நாளில் பைத்தியம். இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ இருக்கும். மொன்ட்ரியாலில் ஜான்-டலோன் சந்தையில் வாரம் முழுக்கத் தக்காளிப் பெட்டி தூக்கிவிட்டு, ஞாயிறு மத்தியானம் லாசால் பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் காலை நீட்டிக்கொண்டு டிவிடி போட்டால்தான் எனக்கு உயிர் வரும்.

அன்று போட்டது ஒரு கொலைகாரியின் கதை. சின்ன வயதிலேயே ஒரு கூட்டம் அவளைக் கொண்டுபோய், தலைமயிரை வெட்டி, ஆள் கொல்லப் பழக்குகிறது. வளர்ந்ததும் அந்தக் கூட்டத்து ஆண்களையே ஒவ்வொருவராகப் போட்டுத் தள்ளுகிறாள். நம்முடைய படங்களில் பெண் என்றால் மழையில் நனைந்து ஆட வேண்டும். இங்கே ஒருத்தி கோட்டுப் போட்ட பெரிய மனிதர்களை ஓட ஓட விரட்டுகிறாள். "போடு, விடாதை அவனை!" என்று கத்திக் கைதட்டினேன்.

பக்கத்தில், எங்களோடு தங்கியிருந்த மட்டக்களப்புப் பிள்ளை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இருபத்திரண்டு வயது. அகதிக் கோரிக்கை போட்டுவிட்டு விசாரணைக்குக் காத்திருந்தவள். ஏழு மாதமாக என் மகளின் அறையில்தான் படுக்கை. மகளுக்குத் தலை பின்னிவிடுவாள். மகள் அவளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுப்பாள். அன்று மகள் சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தாள்.

படத்தில் கொலைகாரி மொட்டை மாடியில் இரண்டு நாள் குப்புறக் கிடந்து ஒருவனைச் சுடுகிறாள். எழும்பும்போது உதட்டுச் சாயம்கூடக் கலையவில்லை.

"இது பொய்யக்கா," என்றாள் பிள்ளை. "அவ்வளவு நேரம் கிடந்தா முழங்கைத் தோல் உரிஞ்சு போகும். கை மரத்துப்போகும். முதல் வெடி சரியாப் படாது."

நான் படத்தை நிறுத்தினேன். யூலை வெக்கையிலும் அவள் முழுக்கைச் சட்டைதான் போடுவாள். கூச்சம் என்று நினைத்திருந்தேன். தான் சொன்னது அவளுக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்; கீரையில் இருந்த கை அசையவில்லை.

"உனக்கெப்பிடிப் பிள்ளை தெரியும்?"

அவள் சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டாள்.

மகளின் கட்டிலுக்கும் இவள் கட்டிலுக்கும் இடையில் ஒரு முழம் இல்லை. இவளைத் தேடி யாராவது வருவார்களோ? இவளையே யாரோ அனுப்பினார்களோ? ஏழு மாதம் என் அடுப்படியில் சோறு வடித்தவளைப் பற்றி ஒரு நிமிடத்தில் இவ்வளவும் நினைத்தேன். சீ, என்ன மனம் எனக்கு! ஆனாலும் வாய் நிற்கவில்லை.

"வேறை இடம் பார் பிள்ளை. வீட்டிலை பொம்பிளைப் பிள்ளை இருக்கு. எனக்குப் பயமாக் கிடக்கு."

"வாற புதன் விசாரணை, அக்கா. இப்ப எங்க போறது?"

"மொன்ட்ரியால்-நோரிலை உங்கட ஊர்ச் சனம் இருக்கெல்லோ?"

அவள் கெஞ்சவில்லை. இருந்த ஒரே பையில் உடுப்பை அடுக்கினாள். வாசலில் குந்தியிருந்து சப்பாத்து மாட்டும்போதுதான் வாய் திறந்தாள்.

"நான் ஒருத்தரையும் கொல்லலக்கா. பள்ளிக்கூடத்தால வரக்குள்ள இயக்கத்து வண்டியில ஏத்திட்டுப் போனாங்க. ரெண்டு வருசத்துல ஓடி வந்துட்டன். ஏத்திட்டுப் போகக்குள்ள எனக்குப் பன்னிரண்டு வயசு. உங்கட மகளுக்கும் இப்ப அதுதானே?"

அவள் படியிறங்கியதும் கதவைப் பூட்டினேன். சங்கிலியையும் போட்டேன்.