முப்பது மீட்டர் டேப்

போன ஞாயிறு, ஸ்வீடனில் நாங்கள் இருக்கும் ஊருக்குப் பக்கத்தில் ஒரு பழைய பண்ணை மாளிகையைப் பார்க்கப் போனோம். மகளுக்கு இரண்டு வயது. எதைத் தட்டிவிடுவாளோ என்று வாசலிலேயே திரும்பிவிட நினைத்தேன். மஞ்சள் பூசிய மர மாளிகை. இரும்புச் சுரங்கப் பணத்தில் கட்டியதாம். வேலையாட்களுக்குத் தள்ளித் தள்ளிச் சிவப்புக் குடில்கள். கூலி பெரும்பாலும் தானியமாகத்தான் என்றாள் வழிகாட்டிப் பெண். கூடத்தின் நடுவில் நிறுத்தி, முன்வாசலிலிருந்து பின்வாசல் வழியே ஏரிவரை ஒரே நேர்கோடு என்று காட்டினாள். தரையில் மெழுகு வாசனை. எனக்கு அந்தக் கோட்டின் மறுமுனையில் அம்மா தெரிந்தாள்.

திருவிடைமருதூர் பக்கம் எங்கள் ஊர்ப் பண்ணை வீடும் அப்படித்தான். வாசல், ரேழி, முற்றம், கூடம், கொல்லை எல்லாம் ஒரே கோட்டில். இருபது வருஷம் அங்கே நெல் தூற்றிய அம்மா கொல்லை வாசலைத் தாண்டி உள்ளே போனதில்லை. முதலாளியின் பிள்ளைகள் அமெரிக்கா போய் வீடு பூட்டிக் கிடந்த சமயம், நான் தஞ்சாவூரில் சிவில் டிப்ளமோ கடைசி வருஷம். பழைய கட்டடம் ஒன்றை அளந்து வரைந்து கொடுத்தால்தான் பாஸ். இரண்டே நாள் பாக்கி. டேப் பிடிக்க வரவேண்டிய தோழிக்குக் காய்ச்சல், அம்மாவைக் கூட்டிப்போனேன்.

சாவி வைத்திருந்த காரியஸ்தர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "பாப்பா படிக்கிற புள்ள, வாசல் வழியா வரட்டும். நீ கொல்லையிலயே நில்லு."

அம்மா தலையாட்டினாள். நானும்தான். எதிர்த்துப் பேசியிருக்கலாமோ என்று இன்றும் தோன்றும்.

அளவு தொடங்கும் டேப்பின் சைபர் முனையைக் கொல்லையில் அம்மாவிடம் கொடுத்துவிட்டு முன்பக்கம் நடந்தேன். ரேழிக்குள் வந்ததும் டேப் தீர்ந்துவிட்டது. முப்பது மீட்டர் டேப். வீடு அதைவிட நீளம். சிரிக்காதீர்கள், இதைக்கூட யோசிக்காத இஞ்சினியர் நான். சாக்பீஸால் கோடு போட்டேன். இனி முனையை அந்தக் கோட்டில் யாராவது பிடித்தாக வேண்டும். ஒரு கல்லை வைத்திருக்கலாமே என்று இப்போது தோன்றுகிறது. நல்லவேளை, அன்று தோன்றவில்லை.

"அம்மா, முனைய எடுத்துக்கிட்டு உள்ள வா."

அம்மா தலைப்பைச் செருகிக்கொண்டு கூடத்துக்குள் நடந்து வந்தாள். காரியஸ்தர் குறுக்கே வந்தார்.

"அளவு பெசகிடுங்க. கொஞ்சம் நகருங்க" என்றாள், டேப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் நகர்ந்தார்.

அளந்து முடிந்ததும் அம்மா கொல்லைக்குத் திரும்பவில்லை. முன்வாசல் வழியாகவே தெருவில் இறங்கினாள். "வாசல் இவ்ளோ கிட்டயா இருந்துச்சு? இத்தன வருஷமா ஊரையே சுத்திக்கிட்டில்ல வந்திருக்கேன்."

அப்புறம் வீட்டை இடித்துவிட்டார்கள். தேக்குத் தூண்கள் எந்த ரிசார்ட்டில் நிற்கின்றனவோ. நெல் தூற்றிய களத்தில் மனைக்கற்கள். காரியஸ்தரும் இல்லை. மிஞ்சியது என் வரைபடம்தான். எல்லாரும் முன்வாசலிலிருந்து அளப்பார்கள், உனக்கென்ன தலைகீழாக என்று அன்று கேட்டார் ஆசிரியர். மாற்றிவிடலாமா என்று வழக்கம்போல யோசித்தேன். மாற்றவில்லை. அதில் அந்த வீடு, அம்மா நின்ற கொல்லை வாசலில்தான் தொடங்குகிறது.