நீலத்துக்குள் வெள்ளை எடுக்கிறவர்

சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பவளப் பாறைக்கு எதிரே நஸீஹ் தண்ணீருக்குள் அசையாமல் நிற்கிறார். இடது மணிக்கட்டில் நூல் போட்டுக் கட்டிய வெள்ளை ஐஸ்கிரீம் டப்பா மூடி. திரை முழுக்க அந்த மூடி மட்டும் தெரியும்படி சின்னக் கேமராவை அருகே கொண்டுபோய், ஒரு பட்டனை அழுத்திப் பிடிக்கிறார். அதுவரை எல்லாமே நீலமாய்க் கிடந்த திரையில் மணல் மணலாகிறது, மீன் மஞ்சளாகிறது. நாலு உதை உதைத்துக் கீழே இறங்கியதும் மறுபடி மூடி, மறுபடி பட்டன். பின்னால் வரும் விருந்தினர்கள், மனிதர் ஏதோ வேண்டுதல் செய்கிறார் என்று நினைத்து ஒதுங்கி நிற்பார்கள்.

அவர் பாஷையில் இதற்கு 'வெள்ளை எடுக்கிறது' என்று பெயர். தலைநகர் மாலேயிலிருந்து விசைப்படகில் வந்து சேரும் இந்தச் சிறு தீவில், மைத்துனர் நடத்தும் விடுதிக்கு வருகிறவர்களைக் கடலுக்குள் கூட்டிப்போய்க் காட்டுவது அவர் வேலை. ஐம்பது தாண்டிவிட்டது. தீவில் எல்லோருக்கும் அவர் தோன்பே, அதாவது அண்ணன். கண் ஓரங்களில் உப்பு நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. வலது முழங்கால் ஏணியில் ஏறும்போது மட்டும் தன் இருப்பை அறிவிக்கும்.

தோணி புறப்பட்டதும் தினம் ஒரே பிரசங்கம். "தண்ணி ஒரு திருட்டுப் பய. இறங்கினதும் மொதல்ல சிவப்பத் திருடிடுவான். அப்புறம் ஆரஞ்சு, அப்புறம் மஞ்சள். எது வெள்ளைன்னு கேமராவுக்குத் தெரியாது, நீங்கதான் சொல்லணும். மேல சொன்னது கீழ செல்லாது. எறங்க எறங்கச் சொல்லணும், ஏறும்போதும் சொல்லணும்." எல்லோரும் பலமாகத் தலையாட்டுவார்கள். ஒருத்தரும் செய்யமாட்டார்கள். ஆழத்தில் ஒருமுறை வெள்ளை எடுத்துவிட்டு அப்படியே மேலே வந்தவருக்கு ஆமை ரோஜா நிறத்தில் விழும். சொல்லச் சொல்லக் கேளாமல் ஃபிளாஷ் போட்டவருக்குக் கணவரின் முகம் மிளகாய் அரைத்துப் பூசியது போல் வரும். பிறகு எல்லோரும் நஸீஹைத்தான் முறைப்பார்கள்.

"தோன்பே, இத ஃபோன்ல பதிஞ்சு போட்டு விட்டுட்டு நீங்க பாட்டுக்குத் தூங்கலாமே?" என்பான் தோணி ஓட்டும் ஷியாம்.

"பதிஞ்சுதான்டா ஓடிக்கிட்டிருக்கு. நான் தூங்கி ரொம்ப நாளாச்சு, நீ கவனிக்கல."

கரையிலும் இந்த நிறப் பித்து அவரை விடுவதில்லை. கல்யாண வீட்டில் ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, "பொண்ணுக்கு மஞ்சக்காமாலையா?" என்று சத்தமாகக் கேட்டு, விருந்தில் ஓரமாக உட்கார வைக்கப்பட்டவர். அதற்காக அவர் வருந்தியதாகத் தெரியவில்லை.

இந்த ஆளையும் திருத்துகிற ஒரே ஆள் அவர் மனைவி ஸகியா. அவர் வேறு தீவிலிருந்து வந்த மாப்பிள்ளை. அவளோ நடை பழகுவதற்கு முன்பே இங்கே நீந்தியவள். கரையை ஒட்டிய பவளத் திட்டை அவருக்கு மூலை மூலையாகக் காட்டிக் கொடுத்தவள் அவள்தான். அதில் ஓர் அறை அளவு பெரிய பவளத்துக்கு அவள் வைத்த பெயர் 'அடுக்களை'. எந்நேரமும் பொடிமீன்கள் அங்கே பரபரத்துக்கொண்டிருக்கும். சில வருடங்களுக்கு முன் காதில் அறுவை நடந்தது. இனி தலையைத் தண்ணீரில் நனைக்கவே கூடாது என்று மாலே டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தினமும் சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் வாசலில் வலை நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டுவாள். கேமராவிலிருந்து அவர் ஃபோனுக்கு மாற்றிவைத்த அன்றைய அடுக்களைப் படத்தைப் பார்த்தாக வேண்டும்.

பார்ப்பதோடு விடமாட்டாள். மீனைச் சுண்டக் காய்ச்சி எடுக்கும் ரிஹாகுருவின் அடர்ந்த பழுப்புதான் அடுக்களையின் நிறம். "இது ரிஹாகுரு இல்லீங்க, தேங்கா நாரு. மூடியச் சாய்ச்சுப் பிடிச்சீங்களா?" என்பாள். சாய்த்துத்தான் பிடித்திருப்பார்.

இந்த வருடம் கடல் கொதித்தது. ஏப்ரலில் தொடங்கிய சூடு இறங்கவே இல்லை. குளிக்க வைத்த வெந்நீரில் இறங்குவது போலிருந்தது. பவளங்கள் முதலில் வெளிறின, பிறகு ஒவ்வொன்றாக வெள்ளையாயின. நாளுக்கு நாள் வெளிறிவந்த அடுக்களையும் கடைசியில் ஒரு காலையில் முழு வெள்ளையாய் நின்றது. அன்று விருந்தினர் பெண்ணொருத்தி கேமராவை நேராக அடுக்களைக்கு முன்னால் நீட்டிப் பட்டனை அழுத்தினாள். தோணிக்கு வந்ததும் உற்சாகமாகச் சொன்னாள்: "இனிமே மூடி எதுக்கு தோன்பே? எங்க திருப்பினாலும் வெள்ளையாத்தானே இருக்கு!"

அவள் மனதில் கள்ளம் இல்லை. நல்ல மாணவிதான். அவள் எடுத்த படங்களில் நிறமும் சரியாகவே இருந்தது. நஸீஹ் சிரித்து வைத்தார். அன்று மாலை ஸகியாவிடம் முந்தின நாள் படத்தையே நீட்டினார்.

மறுநாள்தான் இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவர் வெள்ளை எடுக்கவில்லை. எடுக்காவிட்டால் எல்லாம் நீலம். மணலும் நீலம், மீனும் நீலம், உயிரோடிருப்பதும் வெளுத்துப்போனதும் ஒரே நீலத்துக்குள் அடங்கிவிடும்.

ஸகியா ஃபோனை அப்படியும் இப்படியும் திருப்பினாள். "வெள்ளை எடுக்கலையா?"

"பட்டன் ஒட்டிக்கிச்சு."

அடுத்த நாள் மேகத்தின் மேல் பழியைப் போட்டார். அதற்கடுத்த நாள் அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் ஃபோனை மடியில் வைத்துவிட்டாள்.

"எனக்குக் காதுதான் போச்சு. கண்ணு நல்லாத்தான் இருக்கு. செத்துப்போச்சா?"

"சாகல. நிறமும் சோறும் குடுக்கிற பாசி ஓடிப்போச்சு, பசியில கெடக்கு. தண்ணி ஆறினா திரும்பி வரலாம்."

"ஆறலேன்னா?"

அவர் கடலைப் பார்த்தார்.

"நாளைக்கு ஒழுங்கா எடுத்துட்டு வாங்க. இப்படி நீலத்துல மூடிப் போட்டா எனக்கு இன்னும் பயமா இருக்கு. எது எப்படி இருந்தாலும் நான் பாக்கணும். நான் அந்த வீட்டுப் பொண்ணு."

மறுநாள் விருந்தினர் யாரையும் கூட்டிப்போகவில்லை. வெயில் சரியாக விழும் நேரம் வரை காத்திருந்து தனியாக இறங்கினார். மனதுக்குத் திருப்தியாகும் வரை திரும்பத் திரும்ப வெள்ளை எடுத்தார். அவர் வாழ்நாளில் எடுத்த படங்களில் அதுதான் பிசகில்லாதது. மணல் மணலாக இருந்தது, பொடிமீன் மஞ்சளாக இருந்தது. ஓரத்தில் விழுந்திருந்த மூடிக்கும் அடுக்களைக்கும் மட்டும் வித்தியாசம் தெரியவில்லை.

அஸர் முடிந்தது. ஸகியா ஈரக்கையை உடுப்பில் துடைத்துக்கொண்டு நீட்டினாள். நஸீஹ் அந்தப் படத்தைத் திறந்தார். கொடுப்பதற்கு முன், கட்டைவிரலால் திரையின் வெளிச்சத்தைக் கடைசி வரை இறக்கினார்.