மச்சான் சொன்ன ஆயில்

டாக்ஸி நிறுத்தத்தில் அவருக்கு டிப்ஸ்டிக் என்று பெயர். ஆயில் அளவு பார்க்கும் அந்த நீளக் கம்பியை மற்ற டிரைவர்கள் மாதம் ஒருமுறை உருவிப் பார்த்தாலே பெரிய விஷயம். இவர் தினமும் காலையில் உருவுவார், துடைப்பார், மறுபடி விட்டு எடுப்பார், நுனியில் ஒட்டிய ஆயிலை இரண்டு விரலுக்கு நடுவே தேய்ப்பார், முகர்ந்தும் பார்ப்பார். நாக்கில் வைக்காததுதான் பாக்கி என்பாள் மனைவி. கட்டிய பெண்டாட்டியின் முகத்தை மனிதர் ஒருநாளும் இத்தனை நேரம் உற்றுப் பார்த்ததில்லை.

அவருடைய வெள்ளைக் கார் மூன்று லட்சத்து இருபதாயிரம் கிலோமீட்டர் ஓடிவிட்டது. புதிதாக வாங்கிய நாளிலிருந்து வேறு ஒருவர் அதை ஓட்டியதில்லை. மனைவிக்கு ஒரு பெரிய மருத்துவமனையில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை. காலையில் முதல் சவாரியே அவள்தான். அவளை வாசலில் இறக்கிவிட்டுத்தான் அவர் நிறுத்தத்துக்குப் போவார். இருபத்தெட்டு வருஷமாகக் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பவள். எதிர்முனையில் டாக்டர் வாயைத் திறக்கும் முன்பே, மூச்சு விடுவதை வைத்து எந்த டாக்டர், என்ன கோபத்தில் இருக்கிறார் என்று சொல்லிவிடுவாள். அந்தக் காதைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

கொஞ்ச நாளாகக் கார் ஆயில் குடிக்க ஆரம்பித்திருந்தது. ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் காணாமல் போயிற்று. மனிதர் கம்பியைப் பார்த்துப் பார்த்துக் கவலைப்பட்டார். சாப்பாடு இறங்கவில்லை. அந்த நேரம் பார்த்து அவளுடைய தம்பி வந்து சேர்ந்தான். அவன் லாரி ஓட்டுகிறவன். கல்யாணத்தன்றே மாப்பிள்ளையின் அப்போதைய காரை ரிவர்ஸ் எடுத்துத் தருகிறேன் என்று சுவரில் கொண்டுபோய்ச் சாத்தியவன். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் எலியும் பூனையும்தான். மச்சான் கிழக்கு என்றால் இவர் மேற்கு என்பார். நடுவில் கிடந்து அல்லாடியவள் இவள்.

தம்பி பானட்டைத் திறந்து பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொன்னான்.

"வயசான இன்ஜின் மாமா. உள்ள தேஞ்சு லூசாயிருக்கும். தண்ணி மாதிரி ஆயில் ஊத்தினா எரிஞ்சுதான் போகும். என் லாரிக்கு ஊத்தற கெட்டி ஆயிலையே ஊத்துங்க."

மச்சான் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டிராத மனிதர், கவலையில் அன்று கேட்டுவிட்டார். தம்பியே டப்பாவைத் தூக்கிவந்து ஊற்றியும் கொடுத்தான். அதிசயம், ஒரு வாரமாகியும் ஆயில் இறங்கவில்லை. டிப்ஸ்டிக்குக்குத் தலைகால் புரியவில்லை. காலையில் காரைக் கிளப்பிவிட்டு, "கேட்டியா, சத்தமே இல்ல. பூ மாதிரி ஓடுது" என்பார். மச்சானைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் போட்டு, ஸ்பீக்கரை முழுசாக வைத்து அரை மணி நேரம் பேசினார். இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கேட்டு அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

ஆனால் இன்ஜின் பூ மாதிரி ஓடவில்லை. டக்டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது.

பழைய ஆயிலிலும் காலையில் கிளப்பும்போது அந்த மெல்லிய டக்டக் இருந்ததுதான். ஐந்து விநாடியில் அடங்கிவிடும். இப்போது முப்பத்தெட்டு விநாடி நீடித்தது. எண்ணுவது அவளுக்குப் பழக்கம். பேச்சைத் தொடங்கும் முன் டாக்டர்கள் எத்தனை நொடி யோசிக்கிறார்கள் என்றுகூட எண்ணுகிறவள். முதலில் அவர் கிண்டல் செய்கிறார் என்றே நினைத்தாள். ஆயில் ஊற்றிய எட்டாம் நாள், சிக்னலில் நிற்கும்போது அவள் பைக்குள் செல்போன் கிணுகிணுவென்று அடித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் திரும்பக்கூட இல்லை. அவள் பையைத் திறந்ததும், என்ன தேடுகிறாய் என்று கேட்டார்.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவருக்குக் கிணுகிணுப்பும் கேட்கவில்லை, டக்டக்கும் கேட்கவில்லை. அடுத்தடுத்து எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. சமையலறையிலிருந்து கூப்பிட்டால் பதில் வராது. பக்கத்தில் படுத்துக்கொண்டு ஏதாவது சொன்னால் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டு வருஷமாக இப்படித்தான். முப்பது வருஷம் குடும்பம் நடத்தினால் ஆண்பிள்ளைகள் இப்படித்தான் ஆகிவிடுவார்கள் என்று அவளே முடிவு கட்டிக்கொண்டு, கோபப்பட்டு, கடைசியில் சொல்வதையே விட்டுவிட்டாள். ஊரார் மூச்சையெல்லாம் கண்டுபிடிக்கத் தெரிந்த எனக்கு வீட்டு மனுஷனுக்குக் காது கேட்காததைக் கண்டுபிடிக்கத் தெரியவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போனதும் ஒர்க்‌ஷாப் மெக்கானிக்குக்குப் போன் செய்தாள். அவருக்கு எப்போதும் மூக்கு மேல் கோபம். மறுநாள் காலை கார் கிளம்பும்போது செல்போனில் அவரை அழைத்து, பேசாமல் மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்து டிப்ஸ்டிக் இன்ஜினின் அமைதியைப் புகழ்ந்துகொண்டிருந்தார். மெக்கானிக் போன் வழியாக முப்பத்தெட்டு விநாடியும் கேட்டார். மத்தியானம் கூப்பிட்டபோது, எந்த மடையன் அந்த ஆயிலை ஊற்றச் சொன்னான் என்றுதான் ஆரம்பித்தார். தம்பிதான் அந்த மடையன் என்று அவள் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். கெட்டி ஆயில் எரியாது, அது வாஸ்தவம். ஆனால் ஆறிக் கிடக்கும் இன்ஜினில் அது மேலே ஏறிச் சேர நேரம் பிடிக்கும். அதுவரை மேலே இருக்கிற பாகங்கள் எண்ணெய்ப் பசையில்லாமல் ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளும். ஒரு மாதம் இப்படி ஓடினால் இன்ஜினைப் பிரித்துப் போட வேண்டியதுதான் என்றார். கார் கம்பெனி புத்தகத்தில் போட்டிருக்கிற கிரேடையே ஊற்ற வேண்டும். அதிலும் நிறைய ஓடிய வண்டிக்கென்று தனியாக ஒன்று வருகிறது, காய்ந்துபோன ரப்பர் சீல்களைப் பதப்படுத்திக் கசிவைக் குறைக்கும். கொஞ்சம் குடித்தால் குடிக்கட்டும், ஊற்றிக்கொண்டால் போகிறது.

கடைசியாக, "அவருக்கு இது கேக்கலையாம்மா?" என்றார்.

கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார் என்று பொய் சொல்லி வைத்தாள்.

பிறகு பத்து நாள் மென்று முழுங்கினாள். சொன்னால், காது போன டிரைவரை யார் சவாரிக்குக் கூப்பிடுவார்கள் என்று மனிதர் உடைந்து போவார். இப்போதுதான் ஒட்டிக்கொண்ட மாமனும் மச்சானும் மறுபடி பிய்த்துக்கொள்வார்கள். சொல்லாவிட்டால் கார் போய்விடும், அது போனால் அவரும் பாதி போன மாதிரி. தினமும் காலையில் அந்த முப்பத்தெட்டு விநாடியும் அவள் நெஞ்சில்தான் அடித்தது. பத்தாம் நாள் அது நாற்பத்தொன்று ஆனது. இனிமேல் பொறுக்கக்கூடாது என்று முடிவெடுத்தாள்.

மறுநாள் அவர் காரைக் கிளப்பும் முன், டூல்ஸ் பெட்டியிலிருந்து நீளமான ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு முன்னால் போய் நின்றாள். மெக்கானிக் சொல்லிக் கொடுத்த வித்தை அது. பானட்டைத் திறந்து வைத்து, சாவியைத் திருப்பிவிட்டு இங்கே வாங்க என்றாள். அவர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"ஏங்க, இன்ஜின் சத்தம் போடுது. எனக்குக் கேக்குது, உங்களுக்குக் கேக்கல."

சிரிப்பு நின்றது. இன்ஜினைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று எகிறினார். போன் எடுப்பதோடு நிறுத்திக்கொள் என்றார். அவள் ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜின் மூடிமேல் வைத்து, பிடியை அவர் காதுக்குப் பின்னால் இருக்கிற எலும்பில் அழுத்தினாள். தட்டிவிடக் கையைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். எலும்பு வழியாக டக்டக் உள்ளே இறங்கியது. கண்ணை மூடிக்கொண்டு அது அடங்கும்வரை கேட்டார். அடங்கிய பிறகும் ஸ்க்ரூடிரைவரை அவர் எடுக்கவில்லை.

"எத்தனை நாளா?" என்றார்.

மூன்று வாரமாகப்போகிறது என்றாள். அவர் இன்ஜினை அணைத்துவிட்டு, அவளை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்.

சாயங்காலம் வீடு திரும்பியபோது காரில் கெட்டி ஆயில் இல்லை. மெக்கானிக்கையே வீட்டுக்கு வரவழைத்து, அதை வடித்துவிட்டு, புத்தகத்தில் இருந்த கிரேடில் நிறைய ஓடிய வண்டிக்கான ஆயிலை ஊற்றியிருந்தார். அவரிடம் வாங்க வேண்டிய திட்டையும் வாங்கிக்கொண்டிருந்தார். அவள் கால் கழுவிக்கொண்டிருக்கும்போது தம்பிக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார். இதோ ஆரம்பமாகிவிட்டது என்று அவள் குழாயை மூடிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள்.

"மச்சான், அந்த ஆயில் உன் லாரிக்குச் சரி, என் காருக்கு ஒத்துக்கல. அது எனக்கே தெரிஞ்சிருக்கணும். எனக்குக் காது சரியாக் கேக்கலடா."

தம்பி, புதன்கிழமை எனக்கு லோடு இல்லை, காது டாக்டரிடம் நானே கூட்டிப்போகிறேன் என்றான். சரி என்றார். எதிர்வாதம் இல்லாமல் அவர் மச்சானிடம் சரி சொன்னதை அவள் அன்றுதான் பார்த்தாள்.

மறுநாள் காலை இரண்டு பேரும் காரில் உட்கார்ந்தார்கள். அவர் சாவியைத் திருப்பிவிட்டு ரோட்டைப் பார்க்காமல் அவளைப் பார்த்தார். அவள் மனதுக்குள் எண்ணினாள். ஆறாவது விநாடியில் அடங்கியது. "நின்னுடுச்சு" என்று உரக்கவே சொன்னாள். அவர் தலையாட்டினார், ஆனால் கியரைப் போடவில்லை. ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"நீ சொன்னதுல வேற என்னெல்லாம் எனக்குக் கேக்காம போச்சு?"

ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் அவள் வாயெடுத்தாள். ஆனால் கண் தளும்பிவிட்டது. "ரெண்டு வருஷம்" என்றாள்.

அவர் இன்ஜினை அணைத்தார். சீட்டில் உடம்பைத் திருப்பி அவள் பக்கமாக உட்கார்ந்துகொண்டார்.

"முதல்ல இருந்து சொல்லு. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

அன்று ஆஸ்பத்திரியில் அவள் மேஜை டெலிபோன் முக்கால் மணி நேரம் அடித்துக்கொண்டே இருந்தது.